விண்டோஸ் 11: மாறும் முன்னும் மாறிய பின்னும்

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று நிறுத்திக் கொண்டது. 2015 ஜூலை 29 ல் வெளியான இந்த சிஸ்டம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் வீடுகளில் உழைத்தது. எக்ஸ்பி சிஸ்டத்திற்கு 2014 ஏப்ரல் 8 ம், விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 ம் எப்படியோ, அப்படியே இதற்கும் ஒரு நாள் வந்தது.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பொருள் இல்லை. விண்டோஸ் 10 வழக்கம் போல இயங்கும். ஆனால் அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பைல்கள் மாதந்தோறும் தாமாக வந்து சேராது. வீட்டுக் கதவின் பூட்டு இருக்கிறது, ஆனால் பூட்டு கெட்டுப் போனால் சரி செய்யும் ஆள் வரமாட்டார் என்பது போன்ற நிலை இது. எனவே மாறலாமா, வேண்டாமா, மாறினால் நம் பைல்கள் என்ன ஆகும் என்ற கேள்விகள் பலருக்கும் எழுந்துள்ளன.

இதற்கு விடை காண, சேலையூர் கேம்ப் ரோடு அருகே உள்ள ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை எடுத்துக் கொண்டோம். ஒன்று 2018 ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ3 எட்டாம் தலைமுறை ப்ராசசர், 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி கொண்டது. மற்றொன்று அந்த வீட்டுப் பையன் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு வழங்கிய பழைய லேப்டாப். டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தான் எழுதிய கட்டுரைகள், கோயில் மலர்கள், குடும்பக் குறிப்புகள் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருக்கிறார். “புதுசு அழகா இருக்குமாங்கிறது எனக்கு வேண்டாம் சார், என் தமிழ் எழுத்து அப்படியே இருக்குமா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார். ஒரு சிஸ்டம் மாற்றத்தை எடை போட இதைவிடச் சரியான கேள்வி இல்லை. புதிய ஸ்டார்ட் மெனு எப்படி இருக்கிறது என்பதைவிட, மறுநாள் காலை நம் பைல், நம் பிரிண்டர், நம் எழுத்து மூன்றும் வேலை செய்கின்றனவா என்பதே முக்கியம்.

ஏன் மாற வேண்டும்?

2017 ஆம் ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்கள் கூட இதற்குத் தப்பவில்லை. இந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த அப்டேட்டை இன்ஸ்டால் செய்யாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்டேட் வந்தும் போடாதவர்களுக்கே இந்த நிலை என்றால், அப்டேட்டே வராத சிஸ்டத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உடனடியாக மாற முடியாதவர்களுக்காக, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. வீட்டுப் பயனாளருக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று சொல்லப்பட்டது. இதில் சேர உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டும் வேண்டும். 30 டாலர் அல்லது அதற்கு இணையான தொகை செலுத்துவது ஒரு வழி. விண்டோஸ் பேக் அப் மூலம் செட்டிங்ஸை அக்கவுண்ட்டுடன் இணைத்துவிட்டால் பணம் இல்லாமலேயே சேர்வது இன்னொரு வழி. இது யோசிக்கக் கிடைத்த கால அவகாசம் மட்டுமே. நிரந்தரத் தீர்வு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் ஆதரவு அதே 2025 அக்டோபர் 14 ல்தான் முடிந்தது. சிஸ்டத்தை மாற்றிவிட்டுப் பழைய ஆபீஸையே வைத்திருந்தால் ஒரு ஜன்னலை மூடி இன்னொன்றைத் திறந்து வைத்தது போலாகும். கட்டணம் செலுத்த விருப்பமில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

உங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக் கொள்ளுமா?

விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5 அன்று வெளியானது. முந்தைய சிஸ்டங்களைப் போல எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இது ஏறிவிடாது. 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் என்பவை எளிதான நிபந்தனைகள். சிக்கல் மற்ற மூன்றில் உள்ளது.

முதலாவது ப்ராசசர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது; ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், 2017 ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் வாய்ப்பு குறைவு.

இரண்டாவது டி.பி.எம். 2.0. பாஸ்வேர்ட், என்கிரிப்ஷன் கீ போன்ற ரகசியங்களைத் தனியே பூட்டி வைக்கும் சிறிய பாதுகாப்புப் பகுதி இது. தனி சிப்பாக இருக்கலாம்; ப்ராசசருக்குள்ளேயே அடங்கியதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது செக்யூர் பூட். கம்ப்யூட்டர் தொடங்கும்போது, சரியான கையொப்பம் உள்ள புரோகிராம்களை மட்டும் இயங்கவிடும் ஏற்பாடு. இதற்குப் பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. முறை தேவை.

இவற்றை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் கட்டம் கிடைக்கும். அதில் டி, பி, எம், புள்ளி, எம், எஸ், சி என்ற எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் வெர்ஷன் 2.0 எனக் காட்டினால் நல்லது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பி.சி. ஹெல்த் செக் புரோகிராமை இறக்கி இயக்கவும். எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

நம் சேலையூர் டெஸ்க்டாப்பில் முதலில் ‘டி.பி.எம். இல்லை’ என்றே பதில் வந்தது. இந்த இடத்தில்தான் பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கும். ஆனால் ஆப் செய்யப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் செட் அப் உள்ளே சென்றால், இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் ஒரு பிரிவு தென்படும். அதனை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்தோம். மீண்டும் சோதித்தபோது எல்லாக் கட்டங்களும் பச்சையாயின. புதிய கம்ப்யூட்டருக்கான செலவு ஒரு செட்டிங்கில் மிச்சமானது.

ஓர் எச்சரிக்கை. உங்கள் விண்டோஸ் 10 பழைய பயாஸ் முறையில், எம்.பி.ஆர். வகை டிஸ்க்கில் இன்ஸ்டால் ஆகியிருந்தால், பயாஸில் நேரடியாக யு.இ.எஃப்.ஐ. க்கு மாற்றக் கூடாது. கம்ப்யூட்டர் பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை ஜி.பி.டி. வகைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே இதற்கான டூல் உள்ளது என்றாலும், பேக் அப் எடுத்த பின், தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக் கொண்டு செய்வது நல்லது. உங்கள் டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால், பயாஸ் செட்டிங்கைத் தொடும் முன் அதன் ரெகவரி கீயைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

பேக் அப் எடுத்தபின் தொடங்குங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத் தளங்கள் நீரில் மூழ்கியதை தாம்பரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நனைந்து போன கம்ப்யூட்டரை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிவிடலாம். அதிலிருந்த கல்யாண போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சிஸ்டம் மாற்றம் வெள்ளம் அல்ல என்றாலும், டிஸ்க் முழுவதும் கை வைக்கப்படும் நேரம் இது.

எனவே, டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் போல்டர்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்திடவும். காப்பி ஆனதுடன் விட்டுவிடாமல், அங்கிருந்து நான்கைந்து பைல்களைத் திறந்து பார்க்கவும். பின்னர் அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வைத்துவிடவும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், ஆபீஸ் தொகுப்பின் கீ, பிரிண்டரின் மாடல் எண் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி பத்திரமாக வைக்கவும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் காப்பி செய்ய வேண்டும். அது சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பாண்ட்ஸ் போல்டர். ஏன் என்று அடுத்துப் பார்க்கலாம்.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

1990 களிலும் 2000 த்தின் தொடக்கத்திலும் நாம் தமிழில் அடித்த பைல்கள் பெரும்பாலும் யூனிகோடில் இல்லை. பாமினி, டாம், டாப், வானவில் என்று பல குறியீட்டு முறைகள் இருந்தன. அவற்றில் என்ன நடந்தது? ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். எடுத்துக்காட்டாக, பாமினியில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் ‘அ’ இருக்கும். கே எழுத்தின் இடத்தில் ‘ம’ இருக்கும். அரைப்புள்ளி இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும். நீங்கள் திரையில் ‘அம்மா’ என்று பார்ப்பது, பைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகி உள்ளது. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருக்கும் வரை அது அம்மா. எழுத்துரு போய்விட்டால் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

ஆசிரியையின் டெஸ்க்டாப்பில் இருந்த 2003 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 10 மீதே 11 ஐ அப்கிரேட் செய்ததால், பாண்ட்ஸ் போல்டரில் இருந்த எழுத்துருக்கள் அப்படியே தொடர்ந்தன. கட்டுரைகளும் ஒழுங்காகத் திறந்தன. அதே பைலை எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தபோது ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை. டிஸ்க்கை பார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் டெஸ்க்டாப்பிலும் இதே கதிதான். ‘பார்மட் பண்ணிப் புதுசா போட்டாத்தான் சார் ஸ்பீடா இருக்கும்’ என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் எழுத்துருக்கள் பத்திரமா என்று பாருங்கள்.

இதற்கு நிரந்தரத் தீர்வு அந்தப் பைல்களை யூனிகோடுக்கு மாற்றுவதே. தமிழக அரசு 2010 ல் யூனிகோடையும், அச்சு போன்ற தேவைகளுக்கு டேஸ் 16 முறையையும் தரமாக ஏற்றுக் கொண்டது. சென்னை கோட்டூரில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வெளியிட்ட ஒருங்குறி மாற்றி, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்திருந்தால் மாற்றுவது எளிது. மாற்றிய பின் பழைய பைலை அழித்துவிடாதீர்கள். ஒரு முறை ஒப்பிட்டுப் படித்து, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, எண்கள், மேற்கோள் குறிகள் ஆகியவை சரியாக வந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே அதனைத் தனி போல்டரில் ஒதுக்குங்கள்.

யூனிகோடு பைல்களில் இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா எழுத்துருவில் அடித்து வந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிறு மாற்றம். லதாவும் விஜயாவும் இப்போது விண்டோஸுடன் தாமாக வருவதில்லை, நிர்மலா யு.ஐ. தான் வருகிறது. செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் ஆப்ஷனல் பீச்சர்ஸ் எனத் தேடி, பட்டியலில் தமிழ் சப்ளிமெண்டல் பாண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்தால் இரண்டும் கிடைத்துவிடும். லதாவில் அமைத்த பக்கங்கள் நிர்மலாவில் வரி மாறித் தெரிந்தால் காரணம் இதுதான்.

இன்ஸ்டால் செய்தபோது

செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்தால், தகுதியுள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 க்கான அழைப்பு தெரியும். தெரியாவிட்டால் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இன்ஸ்டலேஷன் அசிஸ்டெண்ட் புரோகிராமை இறக்கிப் பயன்படுத்தலாம். முறையான விண்டோஸ் 10 உள்ளவர்களுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது. சில நூறு ரூபாய்க்கு ‘ஆக்டிவேட்’ செய்து தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். அந்த கிராக் புரோகிராமுடன் என்ன உள்ளே வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பல ஜிபி டவுன்லோட் ஆகும் என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாமல் பிராட்பேண்ட் இணைப்பில் தொடங்குங்கள். சி டிரைவில் 30 ஜிபி அளவுக்காவது காலி இடம் இருந்தால் தடங்கல் இராது. மழைக் காலத்தில் நம் புறநகர்ப் பகுதிகளில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை இணைத்து வையுங்கள். நம் டெஸ்க்டாப்பில் டவுன்லோட் முடிந்த பின் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனது. இடையில் பல முறை ரீஸ்டார்ட் ஆகும். திரை சற்று நேரம் கருப்பாகவே இருக்கும். பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

முதல் பார்வையில்

கண்ணில் படும் முதல் மாற்றம், ஸ்டார்ட் பட்டன் இடது மூலையை விட்டு நடுவுக்கு வந்திருப்பது. கை பழக்கத்தில் இடப் பக்கமே போகிறது. டாஸ்க் பாரில் ரைட் கிளிக் செய்து டாஸ்க் பார் செட்டிங்ஸ் தேர்ந்தெடுத்து, டாஸ்க் பார் பிகேவியர்ஸ் பிரிவில் அலைன்மெண்ட் என்பதை லெப்ட் என மாற்றினால் பழைய இடத்திற்கே வந்துவிடும். ஆசிரியைக்கு நாம் முதலில் செய்து கொடுத்தது இதைத்தான்.

விண்டோஸ் 10 ஸ்டார்ட் மெனுவில் அசைந்து கொண்டிருந்த டைல்கள் இப்போது இல்லை. பைல் மீது ரைட் கிளிக் செய்தால் மெனு சுருக்கமாக வருகிறது. கட், காப்பி, ரீநேம், டெலீட் ஆகியவை சிறு ஐகான்களாகிவிட்டன. பழைய நீளமான மெனு வேண்டுமானால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்திடவும். இது தொடக்கத்தில் எரிச்சலூட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. பைல் எக்ஸ்ப்ளோரரில் பிரவுசரைப் போல டேப்கள் வந்துள்ளன. நோட்பேடிலும் டேப்கள் உண்டு. சேவ் செய்யாமல் மூடிய குறிப்பும் அடுத்த முறை அப்படியே திறக்கிறது. விண்டோஸ் கீயுடன் இசட் அழுத்தினால், திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து விண்டோக்களை அடுக்கலாம். ஒரு பக்கம் பழைய பைல், மறு பக்கம் மாற்றிய யூனிகோடு பைல் என வைத்து ஒப்பிட இது மிகவும் உதவியது.

காணாமல் போனவற்றில் முக்கியமானது வேர்ட்பேட். 24எச்2 பதிப்பிலிருந்து இது நீக்கப்பட்டுவிட்டது. ஆர்.டி.எஃப். பைல்கள் வைத்திருப்பவர்கள் வேர்ட் அல்லது லிப்ரே ஆபீஸில் திறந்து கொள்ளலாம். பழைய மெயில் புரோகிராமுக்கும் 2024 இறுதியுடன் ஆதரவு முடிந்து, அதன் இடத்தில் புதிய அவுட்லுக் வந்துள்ளது.

வேகம்? அதே கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 கூடுதல் வேகம் தரும் என எதிர்பார்க்க வேண்டாம். நம் டெஸ்க்டாப்பில் வேகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர் நிபந்தனைகளில் தேறினாலும், தினசரிப் பயன்பாட்டில் திணறும். அப்படிப்பட்டவர்கள் முதலில் எஸ்எஸ்டி பொருத்திவிட்டுப் பின்னர் சிஸ்டத்தை மாற்றுவது நல்லது.

தமிழில் டைப் செய்ய

தனியாக எந்தப் புரோகிராமும் இல்லாமலேயே தமிழில் அடிக்கும் வசதி விண்டோஸில் உள்ளது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் செல்லவும். ஆட் எ லாங்குவேஜ் கிளிக் செய்து தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின் அதன் அருகே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் பெற்று, கீபோர்ட்ஸ் பிரிவில் ஆட் எ கீபோர்ட் அழுத்தினால் தமிழ் 99 உள்ளிட்ட அமைப்புகள் பட்டியலில் தெரியும். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான அதே கீபோர்ட் அமைப்புதான் இது. ஆங்கிலத்தில் ஒலி வழியாக அடித்துப் பழகியவர்கள் போனட்டிக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழ், ஆங்கிலம் என மாறிக் கொள்ளலாம்.

அக்கவுண்ட் யார் பெயரில்?

புதிதாக விண்டோஸ் 11 ஹோம் இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கேட்கப்படும். பலர் இந்த இடத்தில் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். அவரும் அவசரத்தில் தன் மெயில் முகவரியில் திறந்துவிடுகிறார். இது ஆபத்து. 24எச்2 க்குப் பின் புதிதாக இன்ஸ்டால் ஆகும் பல கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. அதனைத் திறக்கும் ரெகவரி கீ, முதலில் லாக் இன் செய்த அக்கவுண்ட்டில் போய்ச் சேர்கிறது. நாளை மதர்போர்டு பழுதானால், உங்கள் பைல்களின் சாவி வேறொருவரிடம் இருக்கும். உங்கள் மெயில், உங்கள் மொபைல் எண் இவற்றைக் கொண்டே அக்கவுண்ட் திறக்கவும். அந்த ரெகவரி கீயைப் பிரிண்ட் எடுத்து வீட்டு ஆவணங்களுடன் வைக்கவும்.

அதே போல, ஒன்டிரைவ் பேக் அப் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். இலவசமாகத் தரப்படுவது 5 ஜிபி மட்டுமே. போட்டோக்களால் அது விரைவில் நிரம்பி, பின்னர் பணம் கேட்டு அறிவிப்புகள் வரும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக் அப் எடுப்பவர்கள் இதனை மறுத்துவிடலாம்.

பத்து நாள் சலுகை

மாறிய பின் பிடிக்கவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி சென்று கோ பேக் அழுத்தினால் விண்டோஸ் 10 க்கே திரும்பலாம். ஆனால் இதற்குப் பத்து நாள்கள் மட்டுமே அவகாசம். அதற்குள் சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஓல்ட் போல்டரை இடத்தை மிச்சப்படுத்த எண்ணி அழித்துவிடக் கூடாது. எனவே முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், டேலி போன்ற உங்களுக்கு அவசியமான புரோகிராம்கள், பழைய தமிழ் பைல்கள் எல்லாவற்றையும் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். பிரிண்டர் இயங்கவில்லை எனில், அதன் நிறுவனத் தளத்தில் விண்டோஸ் 11 க்கான டிரைவர் உள்ளதா எனப் பார்க்கவும்.

பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றின் ப்ராசசர்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. நிபந்தனைகளை ஏமாற்றி இன்ஸ்டால் செய்யும் வழிகள் உள்ளன. ஆனால் அப்படிச் செய்த கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாப்ட் சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

இதற்கான விடை அந்த லேப்டாப்பிலேயே இருந்தது. அரசு வழங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் சிஸ்டத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். இது சி-டாக் சென்னையில் உருவானது. இந்தப் பணிக்குப் பின்புலமாக இருந்த திறமூல மென்பொருள் தேசிய மையத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு. கே.பி.சி. ஆய்வு மையமும் பங்கு பெற்றது. சேலையூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நடந்த வேலை. அன்று பலரும் அந்தப் பிரிவைத் திறந்தே பார்க்கவில்லை.

நம் லேப்டாப்பில் ராமை 4 ஜிபியாக்கி, சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் சிஸ்டத்தின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை இன்ஸ்டால் செய்தோம். இதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ எல்லாம் இயங்குகின்றன. ஐபஸ் மூலம் தமிழ் 99 முறையில் டைப் செய்யவும் முடிகிறது. டேலி போன்ற விண்டோஸ் புரோகிராம்கள் நேரடியாக இயங்காது என்பது குறை. ஆனால் மின் கட்டணம் செலுத்த, மெயில் பார்க்க, கட்டுரை எழுத இது போதும். கணக்கு வேலை செய்பவர்களுக்கு விண்டோஸ், மற்றவர்களுக்கு லினக்ஸ் என்று வீட்டுக்குள்ளேயே பிரித்துக் கொள்ளலாம்.

என்ன முடிவு எடுக்கலாம்?

2018 க்குப் பின் வாங்கிய கம்ப்யூட்டர், எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் இருந்தால், பேக் அப் எடுத்துவிட்டு விண்டோஸ் 11 க்குத் தயங்காமல் மாறுங்கள். டி.பி.எம். இல்லை என்று பதில் வந்தால், கடைக்குப் போகும் முன் பயாஸ் செட் அப்பைப் பாருங்கள். அதற்கும் பழைய கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ் முயன்று பாருங்கள். எதுவும் முடியாமல் விண்டோஸ் 10 லேயே இருக்க வேண்டியிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலைகளைச் செய்யாதீர்கள். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு டைப்பிங்கிற்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய எழுத்துருவில் பைல் வைத்திருப்பவர்கள், சிஸ்டத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், யூனிகோடு மாற்றத்தை இந்த மாதமே தொடங்குங்கள். தினம் ஐந்து பைல் என்றாலும் ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்து எண்ணூறு பைல்களைத் தாண்டிவிடலாம். விண்டோஸ் 11 க்கும் ஒரு நாள் ஆதரவு நிற்கும். அப்போது அடுத்த சிஸ்டம் வரும். யூனிகோடில் உள்ள கட்டுரையை அதிலும் படிக்க முடியும்.